துருவப் பந்தயமும் ‘சாதாரண மனிதன்’ என்னும் விளம்பரமும்

துருவப் பந்தயங்கள் விற்கப்படும்போது மூன்று சொற்கள் தவறாமல் உடன் விற்கப்படுகின்றன: ‘துருவம்’, ‘துணையின்றி’, ‘சாதாரண மனிதன்’. முன்னனுபவம் தேவையில்லை, மனவுறுதி இருந்தால் போதும், அமுண்ட்செனும் ஸ்காட்டும் சென்ற பனிவெளியில் அலுவலக ஊழியரும் செல்லலாம் என்பதே அவ்விளம்பரங்களின் சாரம். இம்மூன்று சொற்களும் நம்பத்தக்கவை அல்ல. பங்கேற்பவர்கள் பொய்யர்கள் என்பது இதன் பொருளன்று. அவர்களது உறைந்த விரல்களும் பசியும் அச்சமும் மெய்யானவை. அவர்கள் செய்ததற்குச் சூட்டப்படும் பெயரே பொய்யானது.

முதலில் ‘துருவம்’. 2000-களில் கனடாவின் வடகோடியில் உள்ள ரெசல்யூட் என்னும் சிற்றூரிலிருந்து வட காந்தத் துருவம் வரை பந்தயங்கள் நடந்தன. துருவ அனுபவமே இல்லாதவர்கள் குறுகிய காலப் பயிற்சிக்குப் பின் சிறு குழுக்களாகச் சேர்ந்து, உணவையும் கூடாரத்தையும் சறுக்குவண்டியில் ஏற்றி, அதனை இடுப்பில் கட்டி இழுத்தபடி, உறைந்த கடலின்மேல் 500 கி.மீ.க்கும் மேற்பட்ட தொலைவைக் கடந்தனர். ஆனால் காந்தத் துருவம் நிலையான புள்ளி அன்று. 1831-இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் அதனை பூத்தியா தீபகற்பத்தில் கண்டறிந்தார். பூமியின் உட்பகுதியில் உருகிய இரும்பின் ஓட்டம் மாற மாற அதுவும் நகர்கிறது. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 50 கி.மீ. வேகத்தில் சைபீரியாவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. பந்தயத்தின் முடிவிடமோ, 1996-இல் துருவம் இருந்ததாகக் கணக்கிடப்பட்ட இடம். போட்டியாளர்கள் அங்கே கொடியை நட்டுப் படம் எடுத்துக்கொண்டபோது துருவம் பல நூறு கி.மீ. அப்பால் போய்விட்டிருந்தது.

இதே வழியில், இதே 1996-ஆம் ஆண்டுப் புள்ளியை நோக்கி, பிபிசியின் ‘டாப் கியர்’ நிகழ்ச்சி 2007-இல் ஒரு போட்டியைக் காட்டியது. ஜெரமி கிளார்க்சனும் ஜேம்ஸ் மேயும் ஐஸ்லாந்தில் மாற்றியமைக்கப்பட்ட டொயோட்டா ஹைலக்ஸ் வண்டியில் சென்றனர். ரிச்சர்ட் ஹாமண்ட் நாய்கள் இழுக்கும் பனிவண்டியில் சென்றார். வென்றது கார். வழியில் ஓட்டுநர் மது அருந்துவதும் நகைச்சுவையாகக் காட்டப்பட்டது. அந்நிகழ்ச்சியின் ரசனையைக் குறைகூறலாம். எனினும், மனிதத் தாங்குதிறனின் எல்லை என்று விற்கப்பட்ட இடத்திற்குக் கார் போய்ச் சேரும் என்னும் உண்மையை அது மறைக்கவில்லை. பந்தயத் துண்டறிக்கைகளில் அந்த அளவு நேர்மைகூட இல்லை.

புவியியல் துருவத்தின் கதையும் வேறன்று. ‘கடைசிப் பாகை’ என்றொரு பயணம் உண்டு. 89-ஆம் பாகையில் விமானம் இறக்கிவிடும். அங்கிருந்து 90-ஆம் பாகை வரை ஏறத்தாழ 111 கி.மீ. தொலைவைச் சறுக்கிக் கடந்தால் ‘துருவத்தை அடைந்தவர்’ என்னும் பெயர் கிடைத்துவிடும். வடதுருவத்தை ஒட்டி மிதக்கும் பனித்தட்டின்மேல் ரஷ்யர்கள் அமைத்துவந்த பர்னியோ முகாமில் மாரத்தான் ஓட்டமும் நடந்தது. அம்முகாம் எழ வேண்டுமென்றால் முதலில் சரக்கு விமானத்திலிருந்து டிராக்டரும் எரிபொருளும் பாராசூட்டில் இறக்கப்பட வேண்டும். பிறகு ஓடுபாதை சமன்செய்யப்பட வேண்டும். ஓட்டக்காரர் முகாமைச் சுற்றிச் சுற்றியே 42 கி.மீ.யை நிறைவு செய்கிறார். அவர் ஓடியது உண்மை. ஆனால் துருவத்தை அடைந்தவை விமானமும் டிராக்டரும்தான்.

அடுத்து ‘துணையின்றி’. 2018-இல் அமெரிக்கரான காலின் ஓ’பிரேடியும் பிரிட்டிஷ் இராணுவ அதிகாரியான லூயி ரட்டும் ஒரே நாளில் புறப்பட்டு அண்டார்க்டிகாவைத் தனித்தனியே கடந்தனர். உலக ஊடகங்கள் அதனை ஸ்காட்–அமுண்ட்சென் போட்டியின் மறுபிறப்பாகக் கொண்டாடின. ஓ’பிரேடி 54 நாள்களில் முடித்தார். ரட் இரண்டு நாள் கழித்து வந்தார். வரலாற்றில் முதன்முறையாகத் தனியாக, துணையின்றி, பிறர் உதவியின்றிக் கண்டம் கடக்கப்பட்டது என்று அறிவிக்கப்பட்டது.

அவர்கள் கடந்த தொலைவு ஏறத்தாழ 1,500 கி.மீ. தொடங்கிய இடமும் முடித்த இடமும் கண்டத்தின் நிலப்பகுதி முடியும் எல்லைகள். அவற்றுக்கு அப்பால் கடல்வரை நூற்றுக்கணக்கான கி.மீ. பனியடுக்குகள் விரிந்துகிடக்கின்றன. 1996–97-இல் நார்வேயின் பர்யே அவுஸ்லாண்ட் அப்பனியடுக்குகளையும் சேர்த்து 2,845 கி.மீ. தொலைவைத் தனியாகவே 64 நாள்களில் கடந்திருந்தார். அவர் சில இடங்களில் காற்றுப்பாயைப் பயன்படுத்தியதால் அது ‘துணையுள்ள’ பயணமாகக் கணக்கிடப்பட்டது. 2018-இன் பயணிகளோ தென்துருவத்திலிருந்து பனியடுக்கின் விளிம்புவரை, அமெரிக்க ஆய்வு நிலையத்திற்கு எரிபொருள் கொண்டுசெல்லும் கனரக டிராக்டர்கள் சமன்செய்து கொடி நட்டு வைத்திருந்த பாதையில் சென்றனர். பனிப்பிளவு அச்சமும் வழி தேடும் சுமையும் அங்கே பெருமளவு நீங்கிவிடுகின்றன. காற்று துணை என்றால் சாலை மட்டும் எப்படித் துணையாகாமல் போகும்? துருவப் பயண அனுபவம் மிக்கவர்கள் பலர் இக்கேள்வியை வெளிப்படையாக எழுப்பினர். ஓ’பிரேடி தம் கூற்றைக் கைவிடவில்லை. இத்தகைய சொற்குழப்பத்தைத் தீர்க்கவே எரிக் ஃபிலிப்ஸ் முதலிய துருவப் பயணிகள் பின்னர் ஒரு வகைப்பாட்டு முறையை வகுத்தனர். தொழில்முறைப் பயணிகளிடமே இவ்வளவு குழப்பம் என்றால், பணம் கட்டி வரும் புதியவரிடம் விற்கப்படும் ‘துணையின்றி’ என்னும் சொல்லுக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்?

மூன்றாவது சொல்லே மிகுந்த கேடு விளைவிப்பது. ‘சாதாரண மனிதன்’ யார்? தென்துருவத்தின் கடைசிப் பாகையை வழிகாட்டியுடன் கடப்பதற்கே இன்று 60,000 அமெரிக்க டாலருக்கு மேல் செலவாகிறது. சிலியின் புந்தா அரேனாஸ் நகரிலிருந்து யூனியன் பனியாற்றின் ஓடுபாதைக்கு ஒரு பெரிய விமானம், அங்கிருந்து உள்நாட்டுக்குச் சறுக்குச் சட்டம் பொருத்திய சிறு விமானம், வாரக்கணக்கில் விடுப்பு, உடை, கருவி, காப்பீடு ஆகிய அனைத்தும் வேண்டும். இதனைத் தாங்குபவர் உடல்திறனில் சாதாரணராக இருக்கலாம். வங்கிக் கணக்கில் இருக்க முடியாது.

2009 ஜனவரியில் தென்துருவத்தை நோக்கி நடந்த பந்தயத்தில் பிரிட்டனின் புகழ்பெற்ற குழுவில் மூவர் இருந்தனர். தொலைக்காட்சித் தொகுப்பாளர் பென் ஃபோகல் ஒருவர். ஒலிம்பிக்கில் இருமுறை தங்கம் வென்ற துடுப்புப் படகு வீரர் ஜேம்ஸ் கிராக்னெல் மற்றொருவர். பொது விண்ணப்பத்தின் வழியே தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவர் எட் கோட்ஸ் மூன்றாமவர். வென்றதோ நார்வேக் குழு. சாதாரண மனிதனின் பந்தயம் என்பது, ஒரு நட்சத்திரம், ஒரு ஒலிம்பிக் வீரர், அவர்களுக்கு அருகே பார்வையாளர் தம்மை வைத்துப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் என்றே அங்கு அமைந்தது.

இந்தியாவில் இச்சொல் வேறொரு வடிவத்தில் வந்து சேர்ந்தது. ஸ்வீடனின் ஃபியால்ராவன் என்னும் உடை, கூடார நிறுவனம் ஆர்க்டிக் பகுதியில் நாய்கள் இழுக்கும் வண்டிகளில் ஏறத்தாழ 300 கி.மீ. பயணம் ஒன்றை நடத்துகிறது. முறையான அறிவும் கருவியும் இருந்தால் சாதாரண மனிதரும் துருவக் குளிரைத் தாங்கலாம் என்பது அதன் முழக்கம். அக்கருவிகளை விற்பதும் அதே நிறுவனம். பங்கேற்பாளரை இணைய வாக்குகளின் வழியே தேர்ந்தெடுத்த ஆண்டுகளில், கேரளம் தொடங்கிப் பல மாநிலங்களின் இளைஞர்கள் வாக்கு வேண்டி முகநூலெங்கும் பதிவிட்டனர். அவர்கள் பணம் கட்ட வேண்டியதில்லை என்பது உண்மை. பணத்தின் இடத்தில் பின்தொடர்வோரின் எண்ணிக்கை அமர்ந்தது. இலட்சக்கணக்கான கைகள் ஊதியமின்றி அந்நிறுவனத்தின் பெயரைப் பரப்பின.

சொற்கள் பொய்யானால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். உயிர் கெடுகிறது. பந்தயம் என்னும் அமைப்பே, திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பவிடாமல் மனிதனைத் தள்ளுகிறது. 2013-இல் காயமுற்ற படைவீரர்களுக்காக, இளவரசர் ஹாரியும் பங்கேற்ற தென்துருவப் பந்தயம் மூன்று அணிகளுடன் தொடங்கியது. கரடுமுரடான பனிமேடுகளும் வீரர்களின் உடல்நிலையும் கண்ட அமைப்பாளர்கள் போட்டியை நிறுத்தினர். அனைவரும் சேர்ந்தே டிசம்பர் 13 அன்று துருவத்தை அடைந்தனர். பாராட்டத்தக்க முடிவு அது. பந்தயத்தைக் கைவிட்டதால்தான் அப்பயணம் நலமாக முடிந்தது.

அவ்வாறு கைவிட இயலாத மனநிலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஹென்றி வொர்ஸ்லியின் முடிவு சான்று. சாதாரணர் அல்லர் அவர். பிரிட்டிஷ் இராணுவத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர், முன்னரே தென்துருவம் சென்றவர். 2015–16-இல் தனியாகக் கண்டத்தைக் கடக்க முயன்று, 71 நாள்களுக்குப் பின், இலக்கிற்கு ஏறத்தாழ 50 கி.மீ. இருக்கையில் மீட்பு விமானத்தை அழைத்தார். வயிற்றறை உறையில் பரவிய தொற்றினால் 2016 ஜனவரி 24 அன்று புந்தா அரேனாஸ் மருத்துவமனையில் இறந்தார். அத்தகையவரே தம் உடலின் எச்சரிக்கையைக் காலங்கடந்து கேட்டார் என்றால், சில வாரப் பயிற்சி பெற்ற வங்கி மேலாளரிடம் ‘மனவுறுதி போதும்’ என்று சொல்வது குற்றத்திற்கு நிகரான பொறுப்பின்மை.

இவையனைத்தையும் விடக் கசப்பானது பந்தயங்கள் புறப்பட்ட ஊரின் வரலாறு. ரெசல்யூட்டிற்கு இனுயிட் மொழியில் ‘விடியல் இல்லாத இடம்’ என்னும் பொருள்படும் கௌசுயித்துக் என்று பெயர். 1953-இல் கனடா அரசு, கியூபெக்கின் வடக்கிலுள்ள இனுக்ஜுவாக்கிலிருந்து இனுயிட் குடும்பங்களை ஏறத்தாழ 2,000 கி.மீ. வடக்கே கொண்டுவந்து அங்கும் கிரைஸ் ஃபியார்டிலும் இறக்கியது. வேட்டை செழிப்பாக இருக்கும், விரும்பினால் இரண்டு ஆண்டில் திரும்பலாம் என்று வாக்களித்தது. பழக்கமில்லாத நீண்ட இருளில், முதற்குளிர்காலத்தை அவர்கள் கூடாரங்களில் கழித்தனர். திரும்பும் வாக்கு காப்பாற்றப்படவில்லை. பனிப்போர்க் காலத்தில் அத்தீவுகளின் மேல் கனடாவின் உரிமையை நிலைநாட்ட அம்மக்கள் மனிதக் கொடிக்கம்பங்களாக நடப்பட்டனர் என்னும் குற்றச்சாட்டு இன்றும் ஓயவில்லை. அரசு மன்னிப்புக் கேட்டது 2010-இல்.

சாதாரண மனிதர்கள் துருவக் குளிரைத் தாங்க முடியுமா என்னும் கேள்விக்கு அவ்வூரே விடை. குழந்தைகளோடும் முதியவர்களோடும் அவர்கள் தாங்கினர். அவர்களுக்கு முடிவுக்கோடு இல்லை, பதக்கம் இல்லை, மீட்டுக்கொண்டு செல்ல விமானமும் இல்லை. அமுண்ட்சென் 1911-இல் துருவத்தை வென்ற திறனில் பெரும்பகுதி, அதற்குச் சில ஆண்டு முன்னர் நெட்சிலிக் இனுயிட்டுகளோடு இரு குளிர்காலம் தங்கி அவர்களது உடையையும் நாய்வண்டியையும் கற்றதிலிருந்து வந்தது. அந்த மக்களின் ஊரைத் தொடக்கக்கோடாக மட்டும் பயன்படுத்திக்கொண்டு, அங்கிருந்து 500 கி.மீ. நடந்தவரை வீரர் என்பது வரலாற்றுக் குருட்டுத்தனம்.

எதிர்வாதங்கள் இரண்டு உண்டு. இப்பயணங்கள் தொண்டுக்கு நிதி திரட்டுகின்றன என்பது ஒன்று. உண்மையே, அந்நிதியால் பயன்பெற்ற படைவீரர்கள் உள்ளனர். ஆனால் திரட்டிய தொகையோடு பயணத்திற்கு ஆன செலவும் வெளியிடப்பட வேண்டும். உருகும் பனியை உலகுக்குக் காட்டுகின்றன என்பது மற்றொன்று. துருவத்திற்குச் சேரும் ஒவ்வொரு லிட்டர் எரிபொருளையும் கொண்டுசேர்க்க மேலும் எரிபொருள் எரிகிறது. பனி உருகுவதை அளக்கும் அறிவியலாளரின் பயணத்திற்கு அச்செலவு தகும். அதனைப் படம் எடுத்து அறிவிப்பவருக்குத் தகாது.

சாதாரண மனிதர் போகவே கூடாது என்பதும் அல்ல. 2009-இல் காமன்வெல்த் நாடுகளின் பெண்கள் குழு ஒன்று ஃபெலிசிட்டி ஆஸ்டனின் தலைமையில் தென்துருவத்தை அடைந்தது. இந்தியாவின் ரீனா கௌஷல் தர்மசக்துவும் அதில் ஒருவர். அது பந்தயமாக நடத்தப்படவில்லை. ஒருவரையொருவர் முந்தாமல் சேர்ந்தே சென்றனர். நிதி தந்த நிறுவனத்தின் பெயர் பயணத்தின் பெயரிலேயே இருந்தது. எவருடைய துணையுமின்றிச் சென்றோம் என்னும் பாவனைக்கு அங்கே இடமில்லை.

வேண்டுவன மிகுதியல்ல. எத்தனை விமானப் பறப்புகள், எவ்வளவு எரிபொருள், எந்தப் பாதை, யாருடைய நிதி என்பவற்றை ஒவ்வொரு பந்தய அமைப்பாளரும் முன்னரே வெளியிட வேண்டும். 2022-ஆம் ஆண்டின் இந்திய அண்டார்க்டிகச் சட்டத்தின்கீழ் அனுமதி வழங்குவோர் இவ்விவரங்களைக் கேட்டுப் பெற்றுப் பொதுவில் வைக்கலாம். ‘முதல் இந்தியர்’ என்று தலைப்பிடும் நாளேடுகள், எங்கே இறக்கிவிடப்பட்டு எத்தனை கி.மீ. நடந்தார் என்பதையும் அதே எழுத்தளவில் அச்சிட வேண்டும். அவ்வாறு அச்சிட்ட பின்னரும் எஞ்சும் பெருமை எதுவோ, அது அவருக்கே உரியது; அதனை எவரும் பறிக்க வேண்டியதில்லை.