பெயரைக் கேட்பவனைக் கேட்பது யார்?

ரயில் நிலையங்களில் இலவச வைஃபை கொடுத்தோம் என்று சர்க்கார் மார்தட்டுகிறது. கொடுத்தது நல்லதுதான். 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரல் நிலையத்தில் தொடங்கிய ஏற்பாடு அது. எர்ணாகுளம் நிலையத்தில் மூட்டை சுமந்த ஒரு தொழிலாளி, அந்த இணைப்பில் பாடம் கேட்டே 2018இல் கேரள அரசுத் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்வில் தேறினார். கூலிக்காரனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் கனவான்களுக்கு அந்தத் தோழரே பதில் சொல்லிவிட்டார்.

ஆனால் இலவசம் என்ற கதவுக்குள் நுழையக் கைபேசி எண்ணைக் கொடுத்தாக வேண்டும். சிம் வாங்கும்போதே நம் போட்டோவும் அடையாள அட்டையும் கம்பெனி கைக்குப் போய்விட்டன. எண்ணைக் கொடுத்தால் ஆளையே கொடுத்த மாதிரி.

இது எங்கிருந்து வந்தது? 2008 ஜூலை 26 அன்று ஆமதாபாத்தில் குண்டுகள் வெடித்து 50க்கு மேற்பட்டோர் மாண்டனர். பொறுப்பேற்று வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவர் வீட்டில் பூட்டில்லாமல் கிடந்த வைஃபை வழியே போயிருந்தது. அடுத்து 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு இலாகா உத்தரவு போட்டது: பொது இடத்தில் இணைப்புத் தருபவர் அடையாள அட்டை நகலை வாங்கி ஓராண்டு வைத்திருக்க வேண்டும், அல்லது கைபேசி மூலம் ரகசியச் சொல் அனுப்பி அந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கொலைகாரனைப் பிடிக்காதே என்று நாம் சொல்லவில்லை. குண்டுக்குப் பலியாகிறவர்கள் சந்தையிலும் பஸ்ஸிலும் நிற்கும் நம் மக்கள்தான். நாம் கேட்பது வேறு. நம் பெயரை வாங்கி வைத்தவன் தப்புச் செய்தால், அவனுக்கு என்ன தண்டனை?

2007இல் பெங்களூரில் ஒரு கணினி ஊழியரைப் புனே போலீசார் பிடித்துக்கொண்டு போனார்கள். சத்ரபதி சிவாஜியை இணையத்தில் இழிவுபடுத்தினார் என்று குற்றச்சாட்டு. ஆதாரம்? தொலைபேசிக் கம்பெனி கொடுத்த ஓர் இணைய முகவரி. அந்தத் தகவலே தவறு! அது தெரிவதற்குள் அந்த மனிதர் 50 நாள் சிறையில் கிடந்துவிட்டார். இத்தனைக்கும் அது சந்தாதாரர் பெயரில் பதிவான இணைப்பு. திறந்த வைஃபையில் என்ன கதி? பத்துக் குடித்தனம் இருக்கும் ஒண்டுக்குடித்தன வீட்டுக்கு வாசலில் ஒரே கதவு எண் இருப்பது போல, டீக்கடை வைஃபையில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் பெரும்பாலும் வெளியில் தெரிவது ஒரே முகவரிதான். யார் வீட்டுக் கதவை லத்தி முதலில் தட்டும் என்று தொழிலாளிக்குத் தெரியும்.

கணக்கைக் காக்கும் காலத்தை மட்டும் நீட்டுகிறார்கள். இணைய இணைப்பு விவரங்களை இரண்டாண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் லைசென்ஸ் விதியைத் திருத்தினார்கள். சரி, அந்தக் கணக்கு களவு போனால்? 2023இல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று அதில் எழுதியிருக்கிறது. படிக்க இனிக்கிறது! அந்தப் பணம் போகும் இடமோ சர்க்கார் கஜானா. பறிகொடுத்தவனுக்கு ஒரு காசு கிடையாது. அந்தரங்க விவரங்களை அலட்சியமாக வைத்திருந்த கம்பெனி நஷ்டஈடு கட்ட வேண்டும் என்று பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்று ஒரு பிரிவு உண்டு. அதை நீக்கவும் இதே சட்டத்தில் வழி செய்திருக்கிறார்கள். மத்திய சர்க்கார் தான் விரும்பும் இலாகாவுக்கு, நாட்டின் பாதுகாப்பு என்று சொல்லி, சட்டத்திலிருந்தே விலக்கு அளித்துக்கொள்ளலாம்.

மில்லில் நூல் பாழானால் நம் கூலியில் பிடிக்கிறார்கள். ஒரு மனிதனின் 50 நாள் பாழானால் யார் கூலியில் பிடிப்பது?

நீதிபதியின் எழுத்து மூலமான உத்தரவு இல்லாமல் வைஃபைக் கணக்கு போலீஸ் கைக்குப் போகக் கூடாது. முகவரி ஒன்றை மட்டும் வைத்து எவரையும் கைது செய்யக் கூடாது. தவறான பெயரைக் கொடுத்த கம்பெனி, சிறையில் கழிந்த ஒவ்வொரு நாளுக்கும் அந்த மனிதன் கையில் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். 43ஏ பிரிவை எடுக்காதே. இன்னும் பலமாக்கு என்று பார்லிமெண்டில் நம் பிரதிநிதிகள் கேட்கட்டும்.