ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டுமா மிதிவண்டி?

கோலாலம்பூரில் மிதிவண்டிக்கு மதிப்பில்லை என்று எவரும் கூறிவிட இயலாது. 2014ஆம் ஆண்டு தொடங்கிய 'காரில்லாக் காலை' நிகழ்ச்சிக்காக, ஞாயிறு காலைகளில் நடுநகர்ச் சாலைகள் சில மணி நேரம் கார்களுக்கு அடைக்கப்படுகின்றன. பல்லாயிரம் வெள்ளி பெறுமானமுள்ள வண்டிகள் பவனி வருகின்றன. காவலர் வழிவிட்டு நிற்கின்றனர். மறுநாட் காலை அதே சாலையில் அதே மிதிவண்டி இடையூறு எனப்படுகின்றது. விளையாட்டுக்கு உரிமை, பிழைப்புக்கு இல்லை என்னும் இவ்விரட்டை நீதியை நாம் எவ்வளவு காலந்தான் வாய்மூடிப் பார்த்திருப்பது?

மிதிவண்டியின் இன்பத்தை அறியாமல் இதனைச் சொல்லவில்லை. விடியுமுன் அம்பாங்கில் புறப்பட்டு, உலு லங்காட் செல்லும் மலைச்சாலையில் மூச்சிரைக்க ஏறியவர்க்கு அது தெரியும். பின்னால் மாநகரின் விளக்குகள் ஒவ்வொன்றாய் மங்க, முன்னால் காட்டின் குளிர்ச்சி முகத்தில் வந்து மோதும். உச்சியைக் கடந்தால் பதினான்காம் கட்டை வரை மிதிக்கவே வேண்டுவதில்லை. காரில் செல்பவன் அவ்வழியைக் கடக்கின்றான். மிதிவண்டிக்காரனே அவ்வழியில் இருக்கின்றான்.

ஆனால் அம்பாங்கில் மிதிவண்டி ஓட்டுவோர் எல்லாரும் மலையேறுவோர் அல்லர். இரவுக் காவல் முடிந்து திரும்பும் பாதுகாவலர், உணவகத்தில் தட்டுக் கழுவும் அயல்நாட்டுத் தொழிலாளி, கட்டடக் கூலி ஆகியோரும் ஓட்டுகின்றனர். அவர்தம் வண்டியில் விளக்கிராது, தலையில் கவசமுமிராது. சாலையோரம் ஒரு முழ இடத்தில், ஒருபுறம் பேருந்தும் மறுபுறம் திறந்த சாக்கடையுமாக அவர்கள் உயிரைக் கையிற் பிடித்துச் செல்கின்றனர். அம்பாங்கிலிருந்து நடுநகர் பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவு; முக்கால் மணி நேரத்தில் மிதித்துவிடலாம். எந்த வழியாக மிதிப்பது என்பதே கேள்வி. 1996இல் இலகு ரயில் வந்தது. அதில் மடக்கு மிதிவண்டிக்கு இடமுண்டு. தட்டுக் கழுவுபவரின் இரும்பு வண்டி மடங்காதே! 2001இல் கிள்ளான் ஆற்றின்மேல் தூண் நிறுத்தி, அம்பாங்கையும் கோலாலம்பூரையும் இணைக்கும் மேம்பால நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. அதில் மிதிவண்டி ஏறலாகாது. ஆற்றின் தலைக்குமேல் காருக்கு வழி சமைத்தவர்களால், ஆற்றின் கரையோரம் இரண்டு பாக அகலத்தில் மிதிவண்டிக்குத் தொடர்ந்த வழியொன்று சமைக்க முடியாமற் போனதேன்?

ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்வதற்கில்லை. 2015இல் மெர்டேக்கா சதுக்கத்திலிருந்து மிட்வேலி வரை சுமார் 5.5 கிலோமீட்டர்த் தனிப்பாதை திறக்கப்பட்டது. 2018இல் நடுநகர்ச் சாலையோரங்களில் நீலச்சாயம் பூசி மிதிவண்டிப் பாதை என்றார்கள். சாயம் காயுமுன் அதன்மேல் கார்கள் நின்றன; மோட்டார் சைக்கிள்கள் புகுந்தன. வரம்பில்லாத வயலுக்குக் காவல் ஏது? 1970களிலேயே கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கெனத் தனித்தடம் பிரித்துக் கட்டிய நாடு இது. அத்தடத்தால் விபத்துகள் குறைந்தமையை ஆய்வுகளும் காட்டின. எனவே வழி தெரியாத குறையன்று, மனமில்லாத குறை.

வெயிலும் மழையும் மிகுந்த நாட்டிற்கு மிதிவண்டி ஒவ்வாது என்பர் சிலர். 1941 டிசம்பரில் வடக்கே நுழைந்த சப்பானியப் படை மிதிவண்டிகளில் இறங்கிவந்து, 1942 சனவரி 11ஆம் நாள் கோலாலம்பூரைப் பிடித்த கதையை இவர்கள் மறந்தனர் போலும். போகட்டும், பகைவனின் சான்று வேண்டா. நம் தோட்டப்புறத்துப் பெரியவர்கள் எதில் சென்றார்கள்? லயத்திலிருந்து பட்டணத்திற்கும், பட்டணத்திலிருந்து திரைப்படக் கொட்டகைக்கும் அவர்களைச் சுமந்தது எது? அங்கே மரநிழல் இருந்ததே என்பீர்கள். மெய்தான். சாலையை அகலப்படுத்த மரத்தை வெட்டியவர்களே இப்போது வெயிலைக் காரணங்காட்டுவதுதான் வேடிக்கை.

ஆலந்து நாட்டாரின் இயல்பே அது, நமக்கு வராது என்பது மற்றொரு வாதம். அங்கும் 1971ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் நானூறுக்கும் மேற்பட்ட சிறார் மாண்டனர். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடிய பின்னரே பாதைகள் பிறந்தன. நம்மினத்திலேயே சான்றுண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தது. ஊர் நகைத்தது, அவர்களோ கணவரையும் பேருந்தையும் எதிர்பாராது சந்தைக்கும் வயலுக்கும் சென்றனர்.

ஆசிரியப் பெருமக்களே, தம் பள்ளிக்கு மிதிவண்டியில் வரும் மாணவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர்த் தொலைவிலுள்ள பிள்ளையையும் காரில் ஏற்றிவந்து, வாயிலில் நெரிசலை உண்டாக்கி, அந்நெரிசலுக்கு அஞ்சியே மிதிவண்டியை மறுக்கின்றோம். மாணவரைக் கொண்டு பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களை வரையச் சொல்லுங்கள். மிதிவண்டி எங்கெங்கே தடைப்படுகின்றது என்று குறிக்கச் சொல்லுங்கள். அம்பாங்கின் ஒரு பகுதி மாநகர் மன்றத்தின் கீழும், மறுபகுதி சிலாங்கூரில் அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்தின் கீழும் உள்ளது. ஆகவே அவ்வரைபடத்தை இரண்டு படிகளாக எடுத்து, இரு அலுவலகங்களுக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்ப இடந்தராதீர்கள்.