முக்குக்கடையின் வாசலை அடைக்காதீங்க

இங்கிலாந்தின் பழைய ஊர்களில் ஒரே அச்சில் வார்த்த மாதிரி செங்கல் வீடுகள் வரிசையா நிற்குமே, அந்தத் தெருக்களில் பார்க்க வேண்டிய கட்டடம் எதுன்னு கேட்டா தேவாலயத்தைக் காட்டுவாங்க. நான் தெருமுக்கில் இருக்கிற மளிகைக்கடையைத்தான் காட்டுவேன்.

விக்டோரியா காலத்தில் வரிசை வீடு கட்டினவங்க பல இடங்களில் முக்குவீட்டை மட்டும் கடையாவே கட்டினாங்க. கட்டடத்தோட முனையைச் சாய்வா வெட்டி, அந்த வெட்டில் வாசல் வைக்கிறது. ரெண்டு தெருவிலிருந்து வர்றவங்களுக்கும் வாசல் தெரியும். முனை கூரா இல்லாததால திரும்புற வண்டியும் இடிக்காது. மாடிக்குப் போனா சுவர் மறுபடி சதுரமாயிடும். சில கடைகளில் அந்த முனையின் பாரத்தை ஒத்தை வார்ப்பிரும்புத் தூண் தாங்கிக்கிட்டு நிற்கும். கொஞ்சம் இடத்தை விட்டுக்கொடுத்து ரெண்டு தெரு வியாபாரத்தையும் பிடிக்கிற கணக்கு... பலே கணக்கு :-)

1845-ல் கண்ணாடி மேலிருந்த வரியை எடுத்தாங்க. அப்புறம் பெரிய கண்ணாடி மலிவாச்சு. சின்னச் சின்னச் சதுரமா இருந்த கடை ஜன்னல்கள் போய் அகலமான கண்ணாடி வந்தது. அதுக்குக் கீழ முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டிச் சுவர், தெருச் சேறு கண்ணாடியில் தெறிக்காம இருக்க. பல கடைகளில் அதில் பளபளன்னு ஓடு பதிச்சிருக்கும். மேலே பெயர்ப்பலகை, ரெண்டு ஓரத்திலும் செதுக்கின மரத்தாங்கிகள். கடைக்காரர் குடும்பம் மாடியில். மார்கரெட் தாட்சர் 1925-ல் பிறந்ததும் கிரான்தம் ஊரில் அப்படியொரு முக்குக்கடைக்கு மேலேதான்.

இன்னிக்கு நிறையக் கடைகளில் அந்தப் பலகையை மறைச்சு ஒரு பெரிய பிளாஸ்டிக் பலகை. கண்ணாடி முழுக்க ஸ்டிக்கர். ராத்திரியானா இரும்பு ஷட்டர். நம்மாளுங்களுக்கும் இதில் பங்கு உண்டு. 1972-ல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து விரட்டின குஜராத்திகளும், 1983-க்கு அப்புறம் இலங்கையிலிருந்து வந்த தமிழர்களும் எத்தனையோ முக்குக்கடைகளை எடுத்து நடத்தினாங்க. கண்ணாடியை உடைக்க ஆள் இருக்கிற தெருவில் போய் "ஷட்டர் போடாதே"ன்னு உபதேசம் பண்ண எனக்கு மனசு வரலை. அவங்க விடிகாலையிலிருந்து ராத்திரி வரைக்கும் திறந்து வைக்கலைன்னா பல வாசல்கள் எப்பவோ மூடியிருக்கும். பிளாஸ்டிக் பலகையைக் கழட்டினா போச்சு. அடியில் பழைய எழுத்து அப்படியே இருக்கிறதும் உண்டு.

என் சண்டை கடையை வீடாக்குறவங்களோடதான். 2021 ஆகஸ்ட்டிலிருந்து இங்கிலாந்தில் இதுக்கு முழுத் திட்ட அனுமதி வேண்டாம். வெள்ளம், சத்தம், போக்குவரத்து, உள்ளே வெளிச்சம் வருமா, இந்த மாதிரி சில விஷயங்களை மட்டும் கவுன்சில் பார்த்துட்டு ஒப்புதல் கொடுக்கணும். மூணு மாசம் காலியாக் கிடந்திருக்கணும்ங்கிற நிபந்தனையையும் 2024 மார்ச்சில் எடுத்துட்டாங்க. தெருவுக்கு ஒரு மளிகைக்கடை போகுதேங்கிறது அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஒரு கிலோமீட்டருக்குள்ள வேற கடை இல்லாத சின்ன மளிகைக்குத் தனிப் பாதுகாப்பு இருக்கு. நெருக்கமான ஊருக்குள்ள அது எத்தனை கடைக்குப் பொருந்தும்? பாரம்பரியக் கட்டடமா அறிவிச்சிருந்தா தப்பிக்கலாம். முக்குக்கடைகள்ல பாதிக்கு மேல அந்தப் பட்டியலில் ஏறுற அளவுக்குப் பெரிய மனுஷங்க கிடையாது.

வீடு வேணும்தான், ஒத்துக்கறேன். வியாபாரம் படுத்த கடையைக் கட்டிக்கிட்டு அழுன்னு யாரையும் சொல்ல முடியாது. ஆனா இந்த விதி மாத்தச் சொல்றது பயன்பாட்டை மட்டும்தான். வாசலைச் செங்கல் வெச்சு அடைச்சு, கண்ணாடியை எடுத்துட்டு நடுவுல ஒரு சின்ன பிளாஸ்டிக் ஜன்னல் வைக்கணும்னா அதுக்குத் தனியா அனுமதி கேட்கணும். கவுன்சில்கள் கெட்டியா நிற்க வேண்டிய இடம் இதுதான். அங்கே போய் "சின்ன மாற்றம்தானே"ன்னு கையெழுத்துப் போடுறாங்க பாருங்க, அதுதான் எரிச்சல். புதுச் செங்கல் பழைய செங்கலோட நிறத்தில் ஒட்டவே ஒட்டாது. முகத்தில் பிளாஸ்திரி போட்ட மாதிரி நூறு வருஷம் நிற்கும்.

ஒழுங்கா பண்ணினவங்களும் இருக்காங்க. முனை வாசலையே வீட்டு வாசலா வெச்சுக்கிட்டு, கடைக் கண்ணாடிக்குப் பின்னால பாதி உயரத்துக்குத் திரையோ மரக்கதவோ போட்டுக்கிறாங்க. அந்த அறையில் நல்ல வெளிச்சமும் இருக்கும். என்னிக்காவது யாராச்சும் மறுபடி அங்கே கடை போடணும்னா திரையை எடுத்துட்டுப் பலகையில் பெயர் எழுதினா போதும்.