அம்பிக்கு எத்தனை மார்க்?

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. அதனால் கடலுக்கும் நமக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இருக்கிறது சார்! சிவகாசிப் பக்கத்து அர்ச்சுனா ஆறு, இருக்கன்குடியில் வைப்பாற்றோடு சேர்கிறது. விருதுநகர்ச் சாக்கடையை வாங்கிக்கொள்ளும் கௌசிகாவும் அதே குடும்பம்தான். வைப்பாறு போய் விழுவது தூத்துக்குடி மாவட்டத்தில், மன்னார் வளைகுடாவில்.

அந்த முகத்துவாரம் ஆரோக்கியமா இருக்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து லேபுக்கு அனுப்பலாம். ஆனால் அது இன்ஸ்பெக்ஷன் தினம் மாதிரி. அன்றைக்கு மட்டும் ஃபாக்டரியில் சிவப்பு வாளி நிறைய மணல் இருக்கும். மறுநாள்? தண்ணீரும் அப்படித்தான். ராத்திரி திறந்துவிட்ட கழிவு, விடிவதற்குள் ஓடிப்போயிருக்கும். நிஜம் தெரிய, தினமும் அங்கேயே கிடக்கிற ஆளைக் கேட்க வேண்டும்.

அந்த ஆள், சேற்றுப் புழு. கூடவே மட்டி, நத்தை. டிரான்ஸ்ஃபர் கேட்க வழியில்லாத பெர்மனென்ட் ஸ்டாஃப்!

“புழுவை எண்றதுக்குச் சம்பளமா அண்ணாச்சி?” என்றார் டீக்கடை நண்பர். ஆமாம். படகிலிருந்து இரும்புத் தாடை மாதிரி ஒரு கருவியை இறக்கிச் சேற்றைக் கவ்வி எடுக்கிறார்கள். அரை மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் அலசினால், சேறு போய் ஆசாமிகள் நிற்பார்கள். மைக்ராஸ்கோப்பில் இனம் பிரித்து எண்ண வேண்டும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தார் இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்.

எத்தனை பேர் என்பதைவிட, யார் யார் என்பதுதான் முக்கியம். கேபிடெல்லா என்று ஒரு புழு. கழிவு சேர்ந்து, மற்றவர்கள் காலி செய்த இடத்தில் கூட்டமாகக் குடியேறும். தலையை எண்ணினால் ஹவுஸ்ஃபுல். ஆனால் வியாதி முற்றிவிட்டது என்று அர்த்தம்.

2000-ல் ஸ்பெயினைச் சேர்ந்த ஆங்கெல் போர்ஹா குழுவினர், அழுக்கைத் தாங்காதவை முதல் அழுக்கில் கொழிப்பவை வரை ஐந்து கோஷ்டியாகப் பிரித்து மார்க் போட ஒரு முறை கொண்டுவந்தார்கள். பெயர் அம்பி! பூஜ்யம் என்றால் சுத்தம். ஏழு என்றால் ஒரு புழுகூட மிச்சமில்லை. முட்டை மார்க் வாங்கினால் சந்தோஷப்படுகிற பரீட்சை இது.

ஆனால் அவசரத் தீர்ப்பு கூடாது. ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் உப்பு குறைந்தாலே பல புழுக்கள் காணாமல் போகும். அதற்காகச் சிவகாசியைக் கூண்டில் ஏற்ற முடியாது. ஒரே இடத்தில், கோடையிலும் மழையிலும், வருஷம் தவறாமல் எண்ண வேண்டும். அப்போதுதான் மழை செய்தது எது, மனுஷன் செய்தது எது என்று பிரிக்கலாம்.

இதில் நமக்கென்ன? இந்தப் புழுவைத் தின்றுதான் இறாலும் மீனும் வளர்கின்றன. அவைதான் ஞாயிற்றுக்கிழமை நம் தட்டுக்கு வருகின்றன. நாட்டுக்கே காலண்டர் அடித்துக் கொடுக்கிற நாம், அந்தச் சேற்றுக்காக வருஷத்தில் இரண்டு தேதியை வட்டம் போட்டு வைக்கலாமே!