பூசணம் பூத்த புத்தகங்கள்

பழைய புத்தகத்தின் மணத்தைச் சிலாகிக்காத இலக்கிய வாசகர் நம்மிடையே அரிது. அந்த மணத்தில் இரு வகை உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். தாள் மெல்லச் சிதைவதால் எழும் இலேசான இனிய மணம் ஒன்று. மழைக்காலத்தில் அலமாரியைத் திறந்ததும் முகத்தில் அறையும் முக்கல் வாடை மற்றொன்று. பின்னதை இரசிப்பதற்கில்லை. பூசணம் நம் நூல்களைத் தின்றுகொண்டிருக்கிறது என்பதற்கான அறிவிப்பு அது.

பூசணத்தின் வித்துகள் எந்நேரமும் காற்றில் மிதக்கின்றன. அவற்றை வீட்டுக்குள் வராமல் தடுக்க எவராலும் இயலாது. தாள், பசை, அட்டைத் துணியிலுள்ள கஞ்சி எல்லாம் அவற்றுக்கு உணவே. வேண்டுவது ஈரம் ஒன்றுதான். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டிப் பல நாள் நீடித்தால் அவை முளைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நம் கடற்கரை ஊர்களில் எந்த வீடு அதற்குத் தப்பும்?

ஆயினும் பழி முழுவதையும் மழைமேல் சுமத்துவது நியாயமன்று. ஓதம் ஏறிய சுவரை ஒட்டி அலமாரியை நிறுத்துகிறோம். காற்றுப் புக இடமின்றி நூல்களை நெருக்கி அடுக்கிப் பூட்டிவிடுகிறோம். அந்துருண்டை போட்டால் போதும் என்று நம்புகிறோம். அது பூச்சியை விரட்டலாம், ஈரத்தை உறிஞ்சாது. கூரைக் கசிவை அடைக்காமல் சுவருக்கு வண்ணம் பூசுவதும் அத்தகையதே. அடுத்த மழையில் கறை மீண்டும் தலைகாட்டும்.

அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைப்போம். மழை ஓய்ந்து வெயில் வரும் நாளில் கதவுகளைத் திறந்து மின்விசிறியைச் சுழலவிடுவோம். பூசணம் கண்ட நூலைத் தனியே பிரித்து நிழலில் நன்கு உலர்த்தவேண்டும். பிறகு மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து, மெல்லிய தூரிகையால் தட்டிவிடலாம். ஈரத்துணியால் தேய்த்தால் கறை தாளுக்குள் இறங்கிவிடும். உலர்ந்து மடிந்த பூசணமும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறலைத் தரக்கூடும். ஆகவே குழந்தைகளும் முதியோரும் உறங்கும் அறையில் இவ்வேலை கூடாது.

2015 டிசம்பரில் சென்னையும், 2023 டிசம்பரில் தூத்துக்குடியும் நெல்லையும் வெள்ளத்தில் மிதந்தன. நனைந்த நூல் இரண்டு நாளுக்குள் உலரத் தொடங்காவிட்டால் பூசணம் பிடித்துவிடும். 1959இல் சி.சு.செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' போன்ற சிற்றிதழ்கள் மிகக் குறைந்த படிகளே அச்சாயின. அவற்றில் பல இன்றும் தனி வாசகர்களின் வீட்டு அலமாரிகளில்தான் இருக்கின்றன. அங்கே அழியும் ஓர் இதழுக்கு மறுபடி வேறெங்கும் இல்லாமற்போகலாம்.

அடுத்த மழைக்கு முன் நம் அலமாரிகளை ஒருமுறை திறந்து பார்ப்போம். எடுத்த நூலைத் திரும்ப வைக்குமுன் நான்கு பக்கமேனும் வாசிப்போம்.