கிளேர்வுட் சனம் சேர்த்த காசு

2013 ஆகஸ்ட் கடைசி வாரத்தில் நவநீதம் பிள்ளை கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்துபோனார். அப்போது அவர் ஐ.நா. மனித உரிமைகள் ஆணையாளர். தெற்கில் அந்த வாரம் அதிகம் அடிபட்டது, அவரைத் திருமணம் செய்யத் தயார் என்று ஓர் அமைச்சர் விட்ட பகிடி. பெண்புலி என்றும் பட்டம் சூட்டினார்கள். வடக்கில் எங்கள் பேச்சு வேறு: அவர் எந்த வழித் தமிழர், எங்களுக்கு என்ன வாங்கித் தருவார்? அவர் எப்படி நீதிபதியானார் என்பதை இரு பக்கத்திலும் யாரும் விசாரிக்கவில்லை.

தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரில் கிளேர்வுட் என்ற ஏழைக் குடியிருப்பில், ஒரு பஸ் சாரதியின் மகளாக 1941 இல் பிறந்தவர் அவர். பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வீட்டில் வசதியில்லை. அயலில் இருந்த இந்திய வம்சாவளிச் சனம் காசு சேர்த்துக் கொடுத்தது. நேற்றால் பல்கலைக்கழகத்தில் 1963 இல் கலைப் பட்டம், 1965 இல் சட்டப் பட்டம். 1967 இல் நேற்றால் மாகாணத்தில் சொந்தமாகச் சட்ட அலுவலகம் திறந்த முதல் வெள்ளையரல்லாத பெண் ஆனார். பிறகு இருபத்தெட்டு ஆண்டுகள் வழக்காடினார். அவ்வளவு காலமும் ஒரு நீதிபதியின் தனியறைக்குள் கால்வைக்க அவருக்கு அனுமதியில்லை. 1995 இல் மண்டேலாவின் அரசு அவரை மேல் நீதிமன்றப் பதில் நீதிபதியாக்கியது. அவர் முதன்முதலில் நுழைந்த நீதிபதி அறை அவருடைய சொந்த அறைதான்.

கறுப்பினப் பெண் நீதிபதிகளின் வரலாற்றை யார் எழுதினாலும் தென்னாபிரிக்கப் பக்கத்தில் இந்தத் தமிழ்ப் பெயர் வரும். ஆபிரிக்கரோடும் கலப்பினத்தவரோடும் இந்தியரும் ஒரே ஒடுக்குமுறைக்குள் நின்ற நாடு அது. ஆனால் மண்டேலா கொடுத்த நியமனத்தைவிட கிளேர்வுட்டில் சேர்ந்த அந்தக் காசுதான் என்னை யோசிக்க வைக்கிறது.

எங்கள் பக்கம் ஒரு பெண்பிள்ளை சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்தாலே சந்தியில் பதாகை எழும்பும். நீதிபதியானால் பொது மண்டபத்தில் பாராட்டு விழா, பொன்னாடை, ஆளுயர மாலை. வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பிள்ளை ஏறி முடிந்த பிறகுதான் எங்கள் கை நீள்கிறது என்பதுதான் குறை. கிளேர்வுட் சனம் அவர் யாரென்றே உலகம் அறியாத வயதில் கைகொடுத்தது. வன்னியில் அந்த வயதுப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது நிம்மதியாகப் படுத்தெழும்ப ஓர் இடம். அதைப் பாராமல் பெண் நீதிபதிகளைக் கொண்டாடுவது வேரை விட்டுவிட்டு இலைக்குத் தண்ணீர் தெளிப்பது.

பெண் நீதிபதி வந்தால் என்ன வித்தியாசம், சட்டம் ஒன்றுதானே என்று கேட்பவர்கள் சட்டத்தரணிகளுக்குள்ளேயே இருக்கிறார்கள். ருவாண்டாப் படுகொலைகளை விசாரித்த அனைத்துலகத் தீர்ப்பாயத்தில், அக்காயேசு என்ற உள்ளூராட்சித் தலைவருக்கு எதிரான வழக்கை அவர்கள் படிக்க வேண்டும். முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை பற்றிய குற்றச்சாட்டே இல்லை. 1997 ஜனவரியில் சாட்சி சொல்லவந்த ஒரு தாய், தன் ஆறு வயது மகளுக்கு நடந்ததைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். புலனாய்வாளர்கள் அவரிடம் அதைக் கேட்டிருக்கவேயில்லை. அவரிடமும் பின்னர் வந்த சாட்சியிடமும் நீதிபதிகள் துருவிக் கேட்டார்கள். அந்த மூன்று நீதிபதிகளில் ஒரே பெண் நவநீதம் பிள்ளை. ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டெம்பர் 2 இல் வந்த தீர்ப்பு, பாலியல் வல்லுறவும் இனப்படுகொலைச் செயலாகலாம் என்று உலகில் முதன்முறை சொன்னது. சட்டம் ஒன்றாகவே இருக்கட்டும், யார் எதைக் கேட்கிறார்கள் என்பது ஒன்றல்ல.

இதற்கு இன்னோர் உதாரணம் அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் நீதிபதி ஜேன் போலின். அவர் 1939 ஜூலையில் நியூயோர்க் குடும்ப வழக்குகளுக்கான நீதிமன்றத்தில் பதவியேற்றவர். பொதுப்பணம் வாங்கும் சிறுவர் பராமரிப்பு நிறுவனங்கள் நிறம் பார்த்துப் பிள்ளைகளைத் திருப்பியனுப்பக்கூடாது என்ற நிலையைக் கொண்டுவந்தார். நாற்பது ஆண்டு அந்தக் கதிரையில் இருந்துவிட்டு, ஓய்வுபெற்ற பின் அரச பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு வாசிப்புச் சொல்லிக் கொடுத்தார்.

இங்கே இலங்கை உயர் நீதிமன்றத்துக்கு முதல் பெண் நீதியரசர் 1996 இல்தான் வந்தார். அந்த ஷிராணி பண்டாரநாயக்க 2011 இல் பிரதம நீதியரசராகி, 2013 ஜனவரியில் குற்றப்பிரேரணையால் தூக்கியெறியப்பட்டார். இரண்டாவது பெண் பிரதம நீதியரசர் முர்து பெர்னாண்டோ, 2024 டிசம்பரில். புலிகளின் காலத்துக் கிளிநொச்சியில் இயங்கிய நீதிமன்றங்களில் இளம்பெண்கள் நீதிபதிகளாக இருந்ததை இங்குள்ளவர்கள் கண்டிருக்கிறார்கள். அந்த முறைமையை எப்படி மதிப்பிடுவது என்பது தனிக் கட்டுரைக்குரியது.

வன்னிப் பெண்ணுக்கு நீதிபதி தூரத்து ஆளில்லை. 2009 மே மாதம் வட்டுவாகலில் கணவனை இராணுவத்திடம் கையளித்துவிட்டு வந்த ஒருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். மகளின் படிப்புக்காகச் சீதனக் காணியை ஈடுவைக்கப் பார்க்கிறாள். தேசவழமைச் சட்டப்படி மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவனைத்தான் காணவில்லையே. அப்போது அந்தச் சம்மதத்தை மாவட்ட நீதிமன்றத்திடம் கேட்டு நிற்க வேண்டும். கணவனின் கையெழுத்து விழவேண்டிய இடத்தில் நீதிபதியின் கட்டளை விழுகிறது. காணாமற்போயுள்ளார் என்று அரசே ஒப்புக்கொண்டு சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாடு 2016 இல்தான் வந்தது. அதற்கு முன்னர் மரணச் சான்றிதழை எடு என்பதே பதில்.

அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெமிற் காணியின் கதை இன்னும் மோசம். வட்டக்கச்சி, விசுவமடு, முத்தையன்கட்டு என்று குடியேற்றத் திட்டங்களால் வளர்ந்த வன்னியில் பெருமளவு காணி 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குள் வருகிறது. பின்னுரித்தாளர் பெயரை எழுதிவைக்காமல் தகப்பன் இறந்தால், மகள்மாருக்கு முன்னர் மகன்மார், மகன்மாருக்குள் மூத்தவர் என்றுதான் இருந்தது. மனைவிக்குச் சீவிய உரித்து மட்டும், மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும். இந்த ஆண் முன்னுரிமையை 2022 இல்தான் நீக்கினார்கள். தகப்பன் செல்லடியில் போய், மூத்த மகனைப் பற்றி ஒரு தகவலும் இல்லாத வீட்டில், 2009 இலிருந்து அந்தப் பதின்மூன்று வருடமும் பிரதேச செயலகத்தில் அந்தக் கோப்பு எப்படி நகர்ந்திருக்கும்?

காணிக் கடதாசி இல்லையென்றால் வீடில்லை. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா கிடைத்தபோது, காணி தன்னுடையது என்று காட்ட முடியாதவர்கள் வரிசைக்கு வெளியே நின்றார்கள். 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வெளியூர் உரிமையாளர்களின் காணியைக் காடு வெட்டித் திருத்திக் காத்த குடும்பங்கள் அவர்களில் அதிகம். கிளிநொச்சி பன்னங்கண்டியில் 2017 இல் சனம் காணி கேட்டுப் போராட்டத்தில் இருந்தது இதற்காகத்தான். பத்து வருடம் தடையின்றி ஆண்டால் ஆட்சியுரிமை கோரலாம் என்பது பொதுச்சட்டம். ஆனால் யுத்தத்தால் தம் காணியை அணுக முடியாமற்போனவர்களைப் பாதுகாக்க 2016 இல் கொண்டுவந்த விசேட சட்டம், 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கில் எடுக்கவிடாது. ஓடிப்போனவரின் பக்கத்தில் அது நியாயமான சட்டம். ஓட வழியில்லாமல் அதே மண்ணில் கிடந்தவரின் பிள்ளைக்கு அது கதவடைப்பு.

கடதாசி இருந்தவர்களுக்கும் எல்லாம் சரிவந்துவிடவில்லை. 2019 நவம்பரில் ஆட்சி மாறியபோது தேசிய வீடமைப்பு அதிகார சபையின் மாதிரிக் கிராமத் திட்டங்களுக்கான கொடுப்பனவு நின்றது. முதல் தவணைக் காசை நம்பி, இருந்த கொட்டிலைப் பிரித்து அத்திவாரம் போட்டவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அப்படியான வளவுகளை இன்றும் பார்க்கலாம்: சன்னல் உயரத்துக்கு எழும்பி நின்றுவிட்ட சுவர், துருவேறிய கம்பி, பக்கத்தில் நாலு தகரமும் ஒரு தறப்பாளும். மாரி தொடங்கினால் பிள்ளைகளின் கொப்பிகளை உரப்பையில் போட்டு வளையில் கட்டித் தூக்கிவிடுவார்கள். 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்த இரவில், தூக்கிக் கட்ட நேரமில்லாதவர்களின் கொப்பியெல்லாம் வெள்ளத்தோடு போனது.

இந்தப் பிள்ளைகளை நாங்கள் வீடற்ற மாணவர் என்று சொல்வதில்லை. அரசாங்கத்தின் கணக்கில் அவர்கள் மீள்குடியேறியவர்கள். 2012 செப்டெம்பரில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமை மூடி, கடைசியாக மிஞ்சிய கேப்பாப்பிலவுச் சனத்தைச் சொந்த ஊரில் விடாமல் சீனியாமோட்டையில் இறக்கிவிட்டு, இடம்பெயர்ந்தோர் இனி இல்லை என்று கணக்கை முடித்தார்கள். அந்த முகாமின் பகுதிகளுக்கு இராமநாதன், அருணாசலம், கதிர்காமர் என்றெல்லாம் பெயர் வைத்திருந்ததை நினைத்தால் இப்போதும் கசக்கிறது. மூவரும் சட்டம் தெரிந்தவர்கள். அருணாசலம் பதிவாளர் நாயகமாக இருந்து பிறப்பு, இறப்பு, காணி உறுதிப் பதிவுகளை ஒழுங்குபடுத்தியவர். அவர் பெயர் தாங்கிய கம்பிவேலிக்குள் பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் தொலைத்த சனம் இருந்தது.

அமெரிக்காவில் 1987 இல் வந்த மெக்கினி-வென்டோ சட்டம் இதில் எங்களைவிடத் தெளிவாக இருக்கிறது. தெருவில் படுப்பவர் மட்டுமல்ல, வீடிழந்து உறவினர் வீட்டில் ஒதுங்கியிருக்கும் பிள்ளையும் அதில் வீடற்ற மாணவர்தான். வதிவிடச் சான்று இல்லை என்று பள்ளிக்கூடம் திருப்பியனுப்ப முடியாது. முதலில் சேர்த்துவிட்டுத்தான் கடதாசியைத் தேட வேண்டும். இடம் மாறினாலும் பழைய பள்ளிக்கூடத்திலேயே தொடரலாம், போக்குவரத்தும் உண்டு. ஒவ்வொரு கல்வி வட்டாரத்திலும் இதற்கென்றே ஓர் அலுவலர் இருக்க வேண்டும். அமெரிக்காவில் வீடற்ற பிள்ளைகள் குறைந்துவிடவில்லை என்பது வேறு கதை. ஆனால் யார் வீடற்றவர் என்று எண்ணவாவது அங்கே ஒரு வழி இருக்கிறது.

அந்த வரைவிலக்கணத்தைக் கொண்டுவந்து துணுக்காய்க் கல்வி வலயத்தில் வைத்துப் பாருங்கள். தாய் குவைத்தில், பிள்ளை அம்மம்மா வீட்டு விறாந்தையில். தகப்பன் கூலிக்குப் போகும் இடமெல்லாம் குடும்பமும் போக, மூன்று வருடத்தில் மூன்று பள்ளிக்கூடம். வவுனியா நகரத்தில் பேர்போன பள்ளிக்கூடத்துக்குத் தரம் 1 விண்ணப்பம் போட்டால், உறுதிக்கும் வாக்காளர் இடாப்புக்கும் புள்ளி; கடதாசியில்லாத வாடகைக் கொட்டிலுக்கு ஒன்றுமில்லை.

ஊர் என்ன செய்கிறது? வெளிநாடுகளிலுள்ள பழைய மாணவர் சங்கங்கள் நிறையச் செய்கின்றன, நன்றிகெட்டுப் பேசக்கூடாது. ஆனால் நுழைவாயில் வளைவு, மண்டபம், பெயர் பொறித்த கல் என்று கண்ணுக்குத் தெரிவதற்கே காசு லேசாகச் சேர்கிறது. ஒரு உயர்தர மாணவிக்கு இரண்டு வருடத்துக்குப் பஸ் காசு, ரியூசன் காசு, மாரி நாலு மாதம் தங்கிப் படிக்க ஒரு அறை என்று கேட்டுப் பாருங்கள். திறப்பு விழா வைக்க முடியாத செலவு அது. கிளிநொச்சி ஜெயந்திநகரில் மகாதேவ ஆச்சிரமம் போன்ற இல்லங்கள் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளைத் தாங்குகின்றன. தாய் இருந்தும் கூரை இல்லாத பிள்ளை அந்தப் பட்டியலிலும் விழாது.

சட்டபீடத்துக்குப் போகும் வழி வன்னிக்கு முழுதாக அடைபட்டதுமில்லை. மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறது. கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஐந்து வீதத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் வருகின்றன. சட்டக் கல்லூரிப் பரீட்சையை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தக் கொண்டுவந்த ஒழுங்குவிதியை நாடாளுமன்றம் 2023 இல் நிராகரித்தது. அந்த வாசல்வரை பிள்ளை போய்ச்சேர வேண்டும், அவ்வளவுதான் சிக்கல்.

கல்வி, பதின்மூன்றாம் திருத்தத்தின்படி மாகாணத்துக்குரியது. தேசிய பாடசாலைகள் தவிர்ந்த மற்றவை வடக்கு மாகாணக் கல்வி அமைச்சின் கையில். 2018 ஒக்ரோபரில் ஆயுள் முடிந்த மாகாண சபைக்குத் தேர்தல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆளுநரின் கீழ் இயங்கும் அமைச்சே ஒரு சுற்றறிக்கை விடலாம். நிரந்தரக் கூரை இல்லாத, உறவினர் வீட்டில் ஒதுங்கியிருக்கும் மாணவர்களை வகுப்பாசிரியரும் கிராம சேவையாளரும் சேர்ந்து பதிய வேண்டும் என்றும், வலயக் கல்விப் பணிமனையில் அதற்கு ஓர் உத்தியோகத்தரைப் பொறுப்பாக்க வேண்டும் என்றும் அதில் இருந்தால் போதும். மாரி மழைக்கு முன்னர் பதிவு முடிந்தால், பழைய மாணவர் சங்கங்களுக்கு அடுத்த ஆண்டு எந்தப் பிள்ளைக்கு அறை எடுப்பது என்றாவது தெரியவரும்.