பேச்சுப் பயிற்சி எந்த மொழியில்?

குழந்தைக்குப் பேச்சு வரத் தாமதமானால் பெற்றோர் காதில் விழும் அறிவுரைகளில் ஒன்று, "இனி வீட்டில் ஒரே மொழிதான், அதுவும் ஆங்கிலம்தான்" என்பது. பள்ளியில் சொல்கிறார்கள், பயிற்சியாளர்களிலும் சிலர் சொல்கிறார்கள். அக்கறையில் சொல்வதுதான், ஆனால் தவறு. ஆங்கிலம் சரளமாக வராத ஒரு தாய் அன்றிலிருந்து பிள்ளையிடம் என்ன பேசுகிறார் என்று கவனியுங்கள்: 'கம்', 'சிட்', 'ஈட்', 'நோ', 'வாட் கலர்?' கட்டளையும் பரீட்சைக் கேள்வியும்தான் மிஞ்சுகின்றன. "பால் சுடுது, ஊதிக் குடிக்கலாமா?", "ஐயோ, காக்கா முறுக்கைத் தூக்கிட்டுப் போயிடுச்சே!" என்று தானாக வரும் பேச்சு நின்றுபோகிறது. பாட்டி வாயையே திறப்பதில்லை. பேச்சை அதிகமாகக் கேட்கவேண்டிய பிள்ளைக்கு வீட்டில் பேச்சே குறைந்துவிடுகிறது. பயிற்சி வாரத்தில் சில மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் குழந்தை இருப்பது இந்த வீட்டில்.

ஒரு மொழிக்கே திணறும் பிள்ளை இரண்டை எப்படித் தாங்கும் என்பது நியாயமான கேள்வி. கனடாவில் டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளிடம் நடத்தி 2005-ல் வெளியான ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியும் கற்று வளர்ந்த பிள்ளைகள், வளர்ச்சி நிலையில் தங்களுக்கு இணையான, ஆங்கிலம் மட்டுமே அறிந்த பிள்ளைகளைவிட ஆங்கிலத்தில் பின்தங்கவில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் பின்னர் நடந்த ஆய்வுகளும் இரண்டாம் மொழியால் கேடு என்று காட்டவில்லை. சரி, பள்ளியில் ஆங்கிலம் வேண்டாமா? வேண்டும். ஆனால் 'மேலே', 'கீழே', 'அப்புறம்' என்பவற்றின் பொருள் தமிழில் பிடிபட்ட பிள்ளைக்கு ஆங்கிலத்தில் சொல்லை மட்டும் சேர்த்தால் போதும். பொருளே பிடிபடாத பிள்ளை கிளிப்பிள்ளையாகத்தான் ஒப்பிக்கும். இது தமிழ்ப் பற்றுக்காகச் சொல்வதும் அல்ல. வீட்டு மொழி உருதுவோ சௌராஷ்டிரமோ என்றால் அதில்தான் பேசவேண்டும். ஆங்கிலத்திலேயே புழங்கும் குடும்பத்துக்கு ஆங்கிலம்தான்.

மொழியை மாற்றிவிட்டால் பேச்சு வந்துவிடும் என்று காத்திருப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு: காது கேட்கிறதா என்ற சோதனை தள்ளிப்போகிறது. முதலில் செய்யவேண்டியது அதுதான். 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட இடையீட்டு சேவை மையங்கள் இயங்குகின்றன. அங்கே இலவசமாகக் காட்டலாம். பேச்சுப் பயிற்சியும் வீட்டு மொழியிலேயே நடக்கவேண்டும் என்றால், அதற்கான படங்களும் சொற்பட்டியல்களும் தமிழில் தாராளமாகக் கிடைக்க அரசு வழிசெய்யவேண்டும். பெற்றோரே, வீட்டில் பேசும் மொழியை விட்டுவிடச் சொன்னால், எந்த ஆதாரத்தில் சொல்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.